மேட்டுத்தெரு தெரியாத டயர்

மேலக்குறிச்சியில் வண்டிக்குப் புது டயர் மாட்டினால், பழைய டயரைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். காட்டாத தெருவுக்குள் புது டயர் வராது. தெருமுனையில் நின்றுவிடும். இன்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழைக்காத வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போய் இலை போட்டு உட்காருகிறோமா என்ன?

பழைய டயர்தான் காட்ட வேண்டும். அந்தத் தெருவில் தேய்ந்ததற்குத்தான் அந்த உரிமை. ஆகவே எங்கள் ஊரில் யாராவது முன் டயரை இடது தோளிலும் பின் டயரை வலது தோளிலும் மாலை மாதிரி போட்டுக்கொண்டு மெதுவாக வண்டியில் வந்தால் பஸ்காரர்கூட ஓரங்கட்டி வழிவிடுவார். டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து, பழைய டயரைப் பார்த்து, “நல்லா ஓடுச்சா?” என்று விசாரிப்பார்கள்.

தவசிமுத்துவும் அப்படித்தான் பொங்கலுக்கு முன்னால் ஊரைச் சுற்றினான். கடைத்தெருவில் கருகிப்போன மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். கை சுத்தமான வேலைக்காரன். ஆனால் ரோஷம் இருக்கிறதே, அது அவன் உடம்பைவிடப் பெரிய சைஸ்.

அந்த ரோஷத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் முடிந்து முதல்முறையாக மேட்டுத்தெருவில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வண்டியில் போனான். பின்னால் செண்பகவல்லி. வாசலில் ஒரு பள்ளம். தவசி தடுமாறி, இரண்டு காலையும் ஊன்றி, எப்படியோ நின்றான். மாமியார் உலகம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரிகள் அத்தனை பேர் முன்னாலும், “மாப்பிள்ளை இப்பதான் பழகுதாரு போல” என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். அன்றைக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டதோடு சரி. அதற்குப் பிறகு அவன் மேட்டுத்தெருவுக்குள் வண்டியை விட்டதில்லை. செண்பகவல்லியைக் கூப்பிடப் போனால் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பான். அவள் அம்மா கொடுத்த முறுக்கு டின்னையும் தைக்க வேண்டிய துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்து வருவாள். இந்த மார்கழியில் ஒரு நாள் நல்ல மழை. அவள் மூட்டையோடு பாதித் தெரு வந்தாள். அவன் முனையில் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு, ‘சீக்கிரம் வா’ என்கிற மாதிரி இன்னொரு ஹாரன் அடித்தான். அவள் நின்றாள். பார்த்தாள். திரும்பி அம்மா வீட்டுக்கே நடந்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் புது டயர் வந்து சேர்ந்தது. பழைய டயர்கள் நடுவில் மொட்டையாகி, தட்டையாகி, திருப்பத்தில் வண்டியைச் சாய்ப்பதென்றால் பீரோவை நகர்த்துகிற மாதிரி இருந்தது. புதுசு அப்படியில்லை. உருண்டு திரண்ட முதுகு. அதன்மேல் பூனை மீசை மாதிரி ரப்பர் முடிகள். இடது பக்கம் போகலாம் என்று நினைத்தாலே போதும், தானாகச் சாய்ந்தது. தபால் ஆபீஸ் சந்தில் திரும்பும்போது குனிந்து ஒரு வணக்கம், கிணற்றடித் தெருவில் இன்னொரு வணக்கம், பள்ளிவாசல் முன்னால் இரண்டு. புது எண்ணெய்ப் பளபளப்பு இருந்ததால் ஈரத்தில் லேசாக வழுக்கவும் செய்தது. சத்தமே இல்லை. தவசிக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். மோட்டார் காயில் கட்டுகிறவன் ஒரு நாள் மாப்பிள்ளை ஊர்வலம் போன மாதிரி இருந்தது.

மேட்டுத்தெரு முனைக்கு வந்ததும் தோளில் கிடந்த பழைய டயர்கள் இரண்டும் லேசாகக் கனத்தன. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தில் இறங்கிய அதே டயர்கள்தான்; ‘இதையும் காட்டு’ என்று அர்த்தம். தவசி கண்டுகொள்ளவில்லை. “அந்தத் தெரு நமக்கு வேண்டாம்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு நேரே போய்விட்டான். மறுநாள் போகி. பழைய டயர்கள் இரண்டையும் நெருப்பில் போட்டுக் கொளுத்தினான். கடைசிவரை அவை அந்தத் திசையில்தான் புகைந்தன.

பொங்கலைத் தனியாகவே வைத்தான். பால் பொங்கியபோது “பொங்கலோ பொங்கல்” சொல்ல இரண்டாவது குரல் இல்லை. ஒரு குரலில் சொன்னால் அது பொங்கல் மாதிரியே இல்லை. பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்தில் செண்பகவல்லியின் தையல் மிஷின் மூடி போட்டபடி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே போன் பண்ணினாள்.

“மிஷினை எடுக்க சித்தப்பா சாயங்காலம் மினிவேன் கொண்டு வாராரு.”

செண்பகவல்லி வீட்டை விட்டுப் போனால் திரும்பி வருவாள். மிஷின் போனால் வராது. அவர்கள் குடும்பத்தில் அப்படித்தான்.

“ஏன் செண்பகம், நான் வந்து கூட்டிட்டு வாரனே.”

“எங்க வருவிய? முனைக்கா?”

அவன் வாய் திறக்குமுன் அவளே மேலே சொன்னாள்.

“வாசலுக்கு வரணும். நம்ம வண்டியில வரணும். விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து நின்னா ஏறிக்கிடுதேன். நடந்து வந்தா பேச்சுவார்த்தைக்கு வந்த ஆளுன்னு நெனைப்பேன். இரவல் வண்டியில வந்தா இரவல் புருஷன்னு நெனைப்பேன்.”

போனை வைத்துவிட்டாள். தவசி ரோஷத்தை ஒரு ஆணியில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். மேட்டுத்தெரு முனைவரை வண்டி பூ மாதிரி போனது. முனையில் நின்றுவிட்டது. முறுக்கிப் பார்த்தான். இறங்கித் தள்ளிப் பார்த்தான். டயர் இரண்டும் பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு மரியாதையாக ஓரத்தில் ஒதுங்கி நின்றன. தூரத்தில் மாமியார் வீட்டு வாசலில் மினிவேன் நிற்பது தெரிந்தது. சித்தப்பா அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தவசி வண்டியைத் திருப்பி ஜெபக்கனி அக்கா கடைக்கு விரட்டினான். வேகம் பிடித்ததும் ஹேண்டில்பார் வெடவெடவென்று ஆடியது. ஊரில் டயர் பாலன்ஸிங் என்றால் ஜெபக்கனி அக்காதான். புருஷன் டயரை மாட்டுவார், அக்கா பாலன்ஸ் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து வெள்ளைச் சேலையை மாற்றாமலே கடையில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தாள்.

“ஆடுதா?” என்றாள்.

“ஆடுது அக்கா.”

“ஆடும்.”

முன் சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினாள். தெருவுக்கும் எடை உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லாத் தெருவும் தெரிந்த சக்கரம், சுற்றிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஒரு தெரு குறைந்தால் அந்தப் பக்கம் லேசாகி மேலே வந்துவிடும். தவசியின் சக்கரம் சுற்றி, தயங்கி, பின்னால் கொஞ்சம் உருண்டு நின்றது. மேலே வந்த இடத்தை அக்கா கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“நீளமான தெரு. நடுவுல ஒரு பால் சொசைட்டி. கடைசி வீட்டு வாசல்ல பள்ளம்.” நிமிர்ந்து பார்த்தாள். “மாமியா வீட்டை விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்.”

“நல்ல ஆளுதான் போ. பழசைக் கொண்டா, காட்டிருவோம்.”

“போகியில கொளுத்திட்டேன்.”

ஜெபக்கனி அக்கா ஒரு பட்டாணியை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள் என்று சொன்னால் பொய். நன்றாகவே சிரித்தாள். பிறகு ஒரு ஈயக்கட்டியை எடுத்து லேசான இடத்து ஸ்போக்கில் வைத்துக் கடித்தாற்போல் இறுக்கினாள். பின் சக்கரத்துக்கும் ஒன்று.

“இது ஆட்டத்தை நிப்பாட்டும். தெருவுக்குள்ள கூட்டிட்டுப் போகாது. அதுக்கு அந்தத் தெருவுல தேஞ்ச சாமான் வேணும். டயராத்தான் இருக்கணும்னு இல்ல. ரப்பரா இருந்தாப் போதும்.”

“அந்தத் தெருவுல தேஞ்ச ரப்பருக்கு நான் எங்க போவேன்?”

“ஏன், உங்க மாமியா வெறுங்காலோடயா நடக்காங்க?”

மாமியாரின் செருப்பு. அதைத் தோளில் போட முடியாது, சின்னது. கழுத்தில்தான் தொங்கவிட வேண்டும். கழுத்தில் செருப்பு மாலையோடு மேட்டுத்தெருவில், பட்டப்பகலில். ஆறு வருஷமாக ஒரு வார்த்தைக்காக முனையிலேயே நின்றவன் அவன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் மூடி போட்டு நின்ற மிஷினை நினைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

“அத்தை, நான் தவசி பேசுதேன்.”

அந்தப் பக்கம் உலகம்மாள் கொல்லையில் கோழியை விரட்டிவிட்டு வந்தாள்.

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“உங்க செருப்பு வேணும்.”

“எது, புதுசா பழசா?”

“நல்லாத் தேஞ்சது.”

“ரெண்டு காலுமா?”

“டயர் ரெண்டு இருக்குல்லா அத்தை.”

“முனைக்கு வாங்க, கொண்டாரேன்.”

உலகம்மாள் வெறுங்காலோடு வந்தாள். கையில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. குதிகால் பக்கம் தேய்ந்து அப்பளமாக இருந்தது. இரண்டு வாரையும் கோர்த்துக் கட்ட முந்தானையில் தென்னங்கயிறும் முடிந்து வந்திருந்தாள். தவசி ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் குனிந்தான். அவள் முறையாக, சாமிக்குப் போடுகிற பதமாக, கழுத்தில் போட்டுக் கயிற்றை நடுவில் சரி பண்ணிவிட்டாள். முடிச்சு உறுத்துகிறதா என்றும் கேட்டாள். உறுத்தவில்லை.

டயர்கள் இரண்டும் ஒரு தரம் சாய்ந்து கும்பிட்டுவிட்டுத் தெருவுக்குள் இறங்கின. ஸ்போக்கிலிருந்து ஈயக்கட்டிகள் டக், டக் என்று கழன்று விழுந்தன.

உலகம்மாள் முன்னால் நடந்தாள். “இது முருகையா வீடு. நாய் குலைக்கும், கடிக்காது. இது பால் சொசைட்டி, காலையில ஈரமா இருக்கும், பாத்து. இந்த ஓரத்துல மணல் கெடக்கும்.” டயரிடம்தான் பேசினாள். ஆனால் தவசியும் கேட்டுக்கொண்டே வந்தான். ஆறு வருஷமாக இதையெல்லாம் தெரியாமலே இருந்துவிட்டோமே என்று அவனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஜனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். “தேஞ்சிருக்கு, நல்ல செருப்பு” என்று ஒருவர் பாராட்டினார். யாரோ ஒரு அம்மாள் குழந்தையின் கையைக் கூப்பிவைத்தாள்.

கடைசியில் அந்தப் பள்ளம். உலகம்மாள் ஒதுங்கி நின்றாள். முன் டயர் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது, இடது பக்கம் ஒரு இழை சாய்ந்தது, வளைந்து சுற்றிக்கொண்டு போய் வாசற்படிக்கு நேரே நின்றது. தவசி ஒரு காலைத்தான் ஊன்றினான்.

செண்பகவல்லி பையோடு வெளியே வந்தாள். புருஷன் கழுத்தைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். கயிற்றில் லேசாக முறுக்கு விழுந்திருந்தது; அதை நேராக்கினாள். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து, எப்போதும் கை வைக்கிற அவன் தோளில் கை வைத்தாள். சித்தப்பா மினிவேனின் மறுபக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

“அத்தை, செருப்பு” என்று தவசி கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான்.

“இருக்கட்டும், வீடு வரைக்கும் போட்டுக்கிடுங்க. வழி மறந்துரப் போகுது.” பிறகு பக்கத்து வீட்டுக்காரிகளைத் திரும்பிப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “மாப்பிள்ளை வண்டி நல்லாத்தான் ஓட்டுதாரு.”

தவசிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான். தெருமுனை தாண்டி வேகம் பிடித்தும் ஹேண்டில்பார் ஆடவில்லை. ஒரு விரலில் பிடித்தாலும் நேராகப் போனது. செண்பகவல்லி அவன் தோளில் தாடையை வைத்து, “புது டயரா? பஞ்சு மாதிரி இருக்கு” என்றாள். அதை இன்னொரு முறை கேட்பதற்காகவே அவன் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தார்கள். செண்பகவல்லி இறங்கி, படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவி உள்ளே போய் மிஷினின் மூடியை எடுத்தாள். தவசி கழுத்திலிருந்ததைப் பக்குவமாக எடுத்து அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். வண்டியை எப்போதும்போல் வாசலில் நிறுத்தப் போனான். வண்டி நிற்கவில்லை. மாமியார் செருப்பிடம் பாடம் படித்த டயர்கள் அல்லவா? வண்டி முதலில் பின் டயரைக் கழற்றியது. பிறகு முன் டயரை. இரண்டையும் படியோரத்தில் ஜோடியாக விட்டுவிட்டு, வெறும் ரிம்மோடு வாசற்படி ஏறிக் கூடத்துக்குள் போய்விட்டது.

உள்ளேயிருந்து செண்பகவல்லியின் குரல் வந்தது.

“ஏங்க, கால் கழுவாம வருதே. ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க.”

தவசி செம்பை எடுத்தான்.