மூணாவது பாலம்

“மூஞ்சி தெரியுத மாதிரி ஒரே ஒரு போட்டோ. அது போதும்,” என்று அறை வாசலில் நின்றபடி மணிராஜ் மூன்றாவது முறையாகச் சொன்னான். “பத்து மணிக்குள்ள குடுத்தாத்தான் போஸ்டர் அடிச்சுத் தருவாங்களாம், பிரேமா.”

அவன் மனைவி பிரேமலதா தன் அண்ணனுடைய பீரோவின் கடைசி இழுப்பறையையும் உருவித் தரையில் கவிழ்த்தாள். வயர்கள், அடாப்டர்கள், மஞ்சளும் கறுப்புமாகப் பழைய கேம் கேசட்டுகள், ஒரு டப்பா நிறையச் சின்னச் சின்னத் திருகாணிகள். போட்டோ என்று ஒன்று இல்லை.

கூடத்தில் பெருமாள்ராஜைக் கிடத்தியிருந்தார்கள். காலை ஐந்தரைக்கு மூச்சு நின்றது. நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் இந்த வாடகை வீட்டில் அம்மாவோடு இருந்தான். கட்டைவிரலில் ஆரம்பித்த நோய் தோளுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, கடைசியில் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நரம்பு சாகச் சாகத் தசை சுருங்கும், இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அழுவதற்கு இரண்டு வருடம் போதும். பிரேமலதா அழுது முடித்திருந்தாள். இன்றைக்கு அவளுக்குப் பயம்தான் இருந்தது.

விடிகாலையில் அம்மா கூப்பிட்ட சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தபோது கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. பதறி ஓடி வருகிறவள் கையில் டம்ளர் நிற்காதுதான். ஆனால் போன வாரம் ஆபீசில் யாரும் பதறவில்லை. சும்மா உட்கார்ந்து ஃபைலுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு விழவில்லை. காலையிலிருந்து தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“மச்சான் யூட்யூப்புல போடுவாருல்லா, அதுல பாரேன்.”

“அதுல மூஞ்சி கிடையாதுங்க. கை மட்டுந்தான் தெரியும்.”

“ஏதாவது ஒண்ணுலயாவது திரும்பியிருப்பாரு. பாரு. நான் அவரு பர்ஸத் தேடுதேன்.”

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். பெருமாள்ராஜ் பகலில் செல்போன் கடையில் வேலை பார்த்தான். சாயங்காலம் வந்து முப்பது வருடத்துக்கு முந்தைய டிவி கேம்களை மறுபடி ஆடுவான். துணி மாட்டும் ஹேங்கரை வளைத்து அதில் போனைத் தொங்கவிட்டு, ஜாய்ஸ்டிக் பிடித்த கைகளையும் டிவியையும் படம் எடுப்பான். முகத்தைக் காட்டச் சொன்னால், “என் மூஞ்சிய வச்சு எவன்ளா என்ன செய்யப் போறான்? ஆடுதவன் கையத்தான் பாப்பான்,” என்பான். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவான். நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.

மார்க் விஷயத்தில் அவன் கறார். சின்ன வயதில் பிடித்தது என்பதற்காக ஒரு மார்க் கூடப் போட மாட்டான். இன்றைக்கு முதல் தடவை ஆடுகிற ஒருத்தன் கையில் கொடுத்தால் அவன் கீழே வைப்பானா மாட்டானா, அதற்குத்தான் மார்க். எத்தனையோ பேர் உருகி உருகி நினைத்துக்கொண்டிருந்த கேம்களைப் பிரித்து மேய்ந்திருக்கிறான். “நீ அழுதாலும் குப்பை குப்பைதான் மக்கா,” என்று ஒருவனுக்குப் பதில் எழுதியிருந்தான்.

ஒரே ஒரு கேசட்டை மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் எடுத்து ஆடினான். மேலே ஜப்பான் எழுத்து. அதனால் அண்ணனும் தங்கையுமாகச் சின்னதில் வைத்த பெயர்தான் அதற்கு, பாலத்துக்காரன். லாந்தர் பிடித்த ஒரு குட்டி மனிதன் இடிந்த பாலங்களைத் தாண்டிப் போக வேண்டும். மூணாவது பாலத்தில் நடுவே பலகையே இருக்காது. ஓடி வந்து கடைசிப் பலகையில் கால் வைக்கும்போது பட்டனை அமுக்க வேண்டும். கண்ணிமைக்கிற நேரம் பிந்தினாலும் ஆற்றுக்குள் போய்விடுவான்.

நாலு வருடத்துக்கு முந்தைய பொங்கல் வீடியோவைத் திறந்தாள். தொண்டைக்கு நோய் வருமுன் இருந்த அந்தப் பழைய குரல் அறை முழுக்கக் கேட்டது. கூடத்தில் ஒப்பாரி ஒரு நொடி நின்று மறுபடி எழுந்தது. அவள் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள்.

“முப்பது வருசம் ஆச்சு மக்களே. அமுக்குன உடனே தாவுதான் பாருங்க. லட்சம் லட்சமா செலவழிச்சு இப்ப கேம் செய்யுதவங்களுக்கே இது வரல. ஒம்பது மார்க்கு.”

அடுத்த வருடம். மூணாவது பாலத்தில் இரண்டு தடவை விழுந்தான். “பட்டன் கொஞ்சம் லேட்டா கேக்குது. வயசாகுதுல்லா. ஆறு.”

அதற்கடுத்த வருடம் ஏழு தடவை விழுந்தான். “நாமதான் இத தலையில தூக்கி வச்சு ஆடியிருக்கோம். இது காலத்துக்கு நிக்கல மக்களே. பட்டன அமுக்கிட்டுப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தாத்தான் தாவுதான். மூணு மார்க்கு.”

கீழே நானூறு பேர் சிரித்திருந்தார்கள். பிரேமலதா படத்தை நிறுத்தி, முதல் வருடத்துக்குப் போய், மறுபடி திரும்பி வந்தாள். முதல் வருடம் கட்டைவிரலின் அடியில் மேடாகச் சதை இருந்தது. மூன்றாவது வருடம் அந்த இடம் குழிந்து, தோல் மட்டும் கிடந்தது. நாலாயிரம் பேர் பார்த்த கை. ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் கையே அவனுக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போனதே அந்தச் சித்திரையில்தான்.

வீடியோ முடியவில்லை. அதற்குப் பிறகு என்ன வரும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். திரைக்குள் வளையல் போட்ட இன்னொரு கை வந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கியது. அவளுடைய கை. பொங்கலுக்குச் சீர் வாங்க வந்தவளை அண்ணன் பிடித்து உட்கார வைத்திருந்தான். குட்டி மனிதன் ஓடினான். மூணாவது பாலத்தில் கடைசிப் பலகையைத் தாண்டி ஆற்றுக்குள் விழுந்தான். மறுபடி ஓடினான், மறுபடி விழுந்தான்.

“பாத்துக்கோங்க மக்களே, என் தங்கச்சியும் விழுதா,” என்றான் பெருமாள்ராஜ். குரலில் அப்படி ஒரு நிம்மதி. “அப்ப கையில கோளாறு இல்ல. கேசட்டுலதான் கோளாறு.”

அவள் படத்தை நிறுத்தினாள். கதவில் யாரோ தட்டினார்கள். பேட்டையிலிருந்து டிவி மெக்கானிக் பரமசிவன் மாலையோடு வந்து நின்றார். அண்ணனின் பழைய கேம் பெட்டிகளை எல்லாம் ரிப்பேர் பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். திரையில் நின்றுகொண்டிருந்த இரண்டு கைகளையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அண்ணாச்சி, அந்தக் கேசட்டு என்ன கோளாறு?”

“கேசட்டுல ஒண்ணும் இல்லம்மா.”

“பட்டன் லேட்டா கேக்குதுன்னானே.”

“ஜாய்ஸ்டிக்கையும் மூணு தடவ பிரிச்சுப் பாத்தேன். பட்டனுக்கு அடியில ரப்பர் புதுசு மாதிரி இருந்துச்சு. நானே வீட்டுல போட்டு ஆடிப் பாத்தேன், அம்பத்தெட்டு வயசுக்காரன் கைக்கே தாவிட்டு.” அவர் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “சங்கடப்படுவானேன்னு, ரப்பர் தேஞ்சுபோச்சுலே, மாத்திட்டேன்னு சொல்லிட்டேன். அப்பவே உள்ளதச் சொல்லியிருக்கணும்.”

“அன்னைக்கு நானும் விழுந்தேன், அண்ணாச்சி.”

பரமசிவன் அவள் கையைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் சிரமப்பட்டது நன்றாகத் தெரிந்தது. “ஆடிப் பழக்கம் விட்டுப் போயிருக்கும்மா. அதா இருக்கும்,” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

அதாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கே ஆரம்பித்திருந்தால் இந்நேரம் அவளும் அண்ணனைப் போல ஆகியிருப்பாள். இப்படிக் கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் டம்ளரும் ஃபைல் நாடாவும் கணக்குக்குள் வர மாட்டேன் என்றன. அவற்றுக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. முப்பது வருடமாக அவள் நினைத்தே பார்க்காத ஒன்று.

ராதாபுரத்தில் சித்தப்பா வீட்டில்தான் முதலில் டிவி கேம் வந்தது. மும்பையிலிருந்து அவர் கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் பனையேறிவிட்டு வந்த அப்பா, “எங்க, இங்கன குடுங்கலே பாப்போம்,” என்று ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். குட்டி மனிதன் முதல் பாலத்திலேயே விழுந்தான். அப்பா கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்து, விரல் நோகிற மாதிரி முகத்தைச் சுளித்தார். பட்டன் இறங்கவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு நாளைக்கு முப்பது பனை ஏறி இறங்குகிற கை. அடுத்த கோடையில் அப்பா பனையிலிருந்து விழுந்தார். படுத்த படுக்கையாக ஒரு வருடம் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

“குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா? எல்லாருக்கும் பரம்பரையா வராது. சில குடும்பத்துல வரும்,” என்று டாக்டர் கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, “ஒருத்தருக்கும் கிடையாது சார். அவுக பனையில இருந்து விழுந்து செத்தாவ,” என்றாள். பிரேமலதாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். அம்மா சுடலைவடிவு மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து, மடங்கிப்போன அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அவை நிமிர்ந்து நிற்கவில்லை. பிரேமலதா நெருங்கி உட்கார்ந்து அவள் காதருகே குனிந்தாள்.

“எம்மா. அப்பா விழுததுக்கு முந்தியே அவுக கை சரியில்லதானே.”

அம்மா நிறுத்தாமல் நீவினாள். ஒரு விரல் முடிந்து அடுத்த விரலுக்குப் போனாள்.

“சட்டப் பித்தான் போட முடியாது அவுகளுக்கு,” என்றாள் மெதுவாக. “நாந்தான் போட்டு விடுவேன். ஏறாதீயன்னு காலப் புடிச்சேன். வயித்துக்கு என்ன செய்யன்னு கேட்டுட்டு ஏறுனாவ.”

“டாக்டர் கேட்டாருல்லா.”

“அவுக விழுந்தப்ப ஒனக்குப் பத்து வயசு. சீக்கு உள்ள வீட்டுல எவன் வந்து பொண்ணெடுப்பான்? விழுந்ததுலதான் கை கால் போச்சுன்னு சொன்னோம். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசமாப் போச்சு, ளா.”

பிரேமலதாவுக்குக் கேட்க, ‘அப்ப எனக்கு?’ என்ற ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது மணிராஜ் அண்ணனின் டிரைவிங் லைசென்ஸை ஆட்டிக்கொண்டே வந்தான். “கிடைச்சுட்டு. பர்ஸுலதான் இருந்திருக்கு. சின்னதாத்தான் இருக்கு, பெருசாக்கித் தருவாங்க.” பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “என்ன பிரேமா, ஏன் ஒரு மாதிரி இருக்க?” என்றான்.

“ஒண்ணுமில்லங்க. காலையில இருந்து வெறும் வயிறு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இவருக்குத் தெரியக் கூடாது, இவர் வீட்டாருக்குத் தெரியக் கூடாது, மகள் சபீதாவுக்கு இப்போதுதான் பதினாறு முடிந்திருக்கிறது என்று எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. அம்மா முப்பது வருடத்துக்கு முன்பு எதை நினைத்தாளோ, அதையே அவளும் நினைத்துவிட்டாள்.

மத்தியானம் போஸ்டர் வந்தது. லைசென்ஸ் போட்டோவில் பெருமாள்ராஜ் யாரோ கடன்காரனைக் கண்டவன் மாதிரி முழித்தான். இரண்டு மணிக்கு நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் குடத்தோடு திரும்பினார்கள். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் காசு வைத்தார்கள். சுடுகாடு போவதற்கு வண்டி வந்து நின்றது.

“பொம்பளையாளு வாய்க்கரிசி போடுதவங்க போட்டுக்கோங்க. நேரமாகுது,” என்றார் ஒரு பெரியவர். “கூடப்பொறந்தவ முதல்ல வாம்மா.”

ஓலைப் பெட்டியில் அரிசி இருந்தது. பிரேமலதா வலது கையை நீட்டி ஒரு பிடி அள்ளினாள். கையைத் திருப்பி வாயருகே கொண்டுபோவதற்குள் விரலிடுக்கில் அரிசி வழிந்தது. பாதி அண்ணனின் தாடையிலும் மாலையிலும் சிதறியது. எல்லோருக்கும் சிதறும். சுற்றி நின்றவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவள் நிமிர்ந்தாள். தலைமாட்டில் இருந்த அம்மா மகன் முகத்தைப் பார்க்கவில்லை. இவளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேமலதா கையை மூடிக்கொண்டாள். அம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “பையப் போடு,” என்றாள். அம்மா பிடித்த பிடியிலேயே மற்ற இரண்டு தடவையும் போட்டாள். அம்மா பிடியை விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“தங்கச்சி மவ எங்க? வரச் சொல்லுங்க.”

சபீதா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரோ, “நீ அந்தாக்குல நவுந்துக்கோம்மா,” என்று தோளைத் தொட்டார்கள். பிரேமலதா நகரவில்லை. மகளின் கையையே குனிந்து பார்த்தாள். அந்த விரல்கள் அரிசிக்குள் இறங்கி, மூடி, மேலே வந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு மணி கீழே விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் மறைத்தது.

சபீதா கையைத் தட்டிவிட்டு எழப்போனாள்.

“இன்னொரு தடவ போடு,” என்றாள் பிரேமலதா.

“மூணு போட்டாச்சும்மா.”

“போடு.”

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுடலைவடிவு அரிசிப் பெட்டியைப் பேத்தியின் பக்கம் தள்ளி வைத்தாள். சபீதா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கையை அரிசிக்குள் விட்டாள்.