பதினான்காம் பக்கத்துக் கோடிட்ட இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. ஜன்னல் திரை செய்பவர்களுக்கும் மாட்டுபவர்களுக்கும் தருகிற தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதே, அதன் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் பேசுவதையெல்லாம் ஒழுங்கான வாக்கியமாக்கித் தர ஓர் ஆள் தேவைப்பட்டது. கதை எழுதுகிற ஆளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், விஷயம் மண்டையில் ஏறாமல்.

பதின்மூன்று பக்கம் வண்டி ஜோராக ஓடியது. பதினான்கில் நின்றுவிட்டது:

"திரை ஜன்னல் சட்டத்தில் உரசாமல் இருக்க, அளந்த அகலத்தில் பத்து எம்எம் குறைக்க வேண்டும். குறைக்க வேண்டியவர்: ____________"

பழைய பாடத்திட்டத்தில் முதல் வாக்கியம் மட்டும்தான். யார் குறைப்பது என்று யாரும் எழுதவில்லை. புதுப்பிக்கிறோமே, அதையும் எழுதிவிடலாம் என்று அந்தக் கோட்டைப் போட்ட புண்ணியவான் நான்தான். அதை நிரப்ப மூன்று கூட்டம் ஆயிற்று. மீதி நாற்பது பக்கத்துக்கு இரண்டே கூட்டம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஓர் அண்ணனும் தங்கையும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்ள

(அடித்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டினால் எப்படி?)

இரண்டாவது முயற்சி: வெளிச்சம் என்பது

(இதையும். 'என்பது' என்று ஆரம்பிக்கிற வாக்கியம் எதையும் நான் நம்புவதில்லை, நான் எழுதினாலும்.)

மூன்றாவது. இதுவே இருக்கட்டும்:

கூட்ட அறைக்குள் நுழைந்ததும் அளவுக்காரி முதலில் பார்த்தது ஜன்னலைத்தான். (பெயர் வேண்டாம் என்றாள். "எல்லாரும் அளவுக்காரின்னுதான் கூப்பிடறாங்க, அப்படியே போடுங்க." இருபத்தாறு வருடமாக வீடு வீடாக, கட்டடம் கட்டடமாகப் போய்த் திரைக்கு ஜன்னல் அளக்கிறவள். குழுவில் அளப்பவர்களின் பிரதிநிதி.) அந்த ஜன்னலில் வெள்ளைப் பட்டைத் திரை தொங்கியது. இரண்டு ஓரத்திலும் ஒரு விரல் போகிற அளவுக்குச் சந்து. இடது பக்கச் சந்து வழியாக வெயில் மெலிசான கோடாக மேசைமேல் விழுந்து, தண்ணீர் பாட்டில் வழியாக எதிர்ப்பக்கம் வரை போயிருந்தது.

"ரெண்டு தரம் குறைச்சிருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கோடு முடிகிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், பட்டறைக்காரர்களின் பிரதிநிதியாக அவள் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவரும் அந்தச் சந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

3

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கண் மருத்துவமனைக்கு நாற்பத்திரண்டு திரை. தங்கை அளந்தாள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து, அதில் பத்து எம்எம் குறைத்து எழுதிக் கொடுத்தாள். தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காகிதம் முதல் தரமாக அண்ணன் பட்டறைக்குப் போனது. வருகிற அளவிலிருந்து பத்து குறைத்து வெட்டுவது அவருடைய பட்டறைப் பழக்கம். அதன்படியே வெட்டினார்.

நாற்பத்திரண்டு ஜன்னலிலும் இரண்டு ஓரமும் வெளிச்சம். அங்கேயோ இருட்டில்தான் கண்ணைச் சோதிப்பார்கள். மேலாளர் வந்து கத்தினார். அப்போது அண்ணன் சொன்னார்: "என் தங்கச்சிக்கு அளக்கத் தெரியாது சார்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அண்ணன் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினாள். அவரும் வந்து கூப்பிடவில்லை. அவள் வேறு பட்டறைகளுக்கு அளந்து கொடுத்தாள், நன்றாகவே பிழைத்தாள், ஆனால் ஒவ்வொரு ஜன்னலிலும் டேப்பை நீட்டும்போது அந்த வார்த்தை ஒரு தரம் காதில் விழும். அவளே சொன்னது இது.

இப்போது என் கோட்டைப் பாருங்கள். அதில் 'அளப்பவர்' என்று எழுதினால் அன்றைக்குத் தப்பு அண்ணனுடையது. 'வெட்டுபவர்' என்று எழுதினால் தங்கைக்கு அளக்கத் தெரியாது என்று முத்திரை குத்தி அச்சடித்து, வருகிற மாணவர்கள் எல்லோருக்கும் பாடமாக வைத்துவிடுகிறோம்.

ஆகவே இரண்டு பேரும் விடவில்லை. நேராகவும் பேசவில்லை.

"தலைவர் சார், பட்டறைக்காரங்க ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டினா என்ன குறைஞ்சா போயிடும்னு கேளுங்க."

"சார், குறைச்சுட்டேன்னு காகிதத்துல எழுதியிருந்தா நாங்க ஏன் கை வைக்கப்போறோம்னு சொல்லுங்க."

தலைவர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இங்கும் அங்கும் திரும்பித் திரும்பி அவருக்குக் கழுத்து சுளுக்காதது ஆச்சரியம்.

4

அண்ணன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரைவில் அவரை ஒரு முரடனாக எழுதியிருந்தேன். உரத்த குரல், மேசையைத் தட்டுகிற கை, இத்தியாதி. கதைக்கு வசதி. இரண்டாவது கூட்டத்தில் டீ வந்தது. தட்டில் எல்லாமே சர்க்கரை போட்டது, ஒன்றே ஒன்று போடாதது. அவர் அந்த ஒன்றை எடுத்து, யாரையும் பார்க்காமல், மேசையில் தங்கை பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வேறு டீ எடுத்துக்கொண்டார். அவளும் யாரையும் பார்க்காமல் எடுத்துக் குடித்தாள். என் முரடன் அங்கேயே செத்துப்போனான். பக்கம் பக்கமாக எழுதியதை என்ன செய்ய, கிழித்துப் போட்டேன்.

முடிவிலும் இதே கூத்துதான். அண்ணன் எழுந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறார் என்று எழுதிப் பார்த்தேன். அந்த மனிதர் அதற்கெல்லாம் ஆள் இல்லை, என் பேனாவுக்கே கூச்சமாக இருந்தது. பழைய அளவுக் காகிதம் ஏதோ பெட்டியிலிருந்து கிடைக்கிறது, உண்மை வெளியே வருகிறது என்றும் பார்த்தேன். பெட்டியிலிருந்து காகிதம் கிடைக்கிற கதையெல்லாம் சோம்பேறித்தனம். தவிரவும், இங்கே வெளியே வர உண்மை ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் அவரவர்க்குத் தெரிந்த முறையில் சரியாகத்தான் செய்தார்கள்.

5

மூன்றாவது கூட்டம். வெயில் கோடு நகர்ந்து தலைவர் கண்ணில் விழுந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அது என்னங்க அந்தத் திரை, எப்பவும் இப்படியே" என்று அலுத்துக்கொண்டார்.

அளவுக்காரி பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். சட்டத்துக்குள் நீட்டினாள். முனை வழுக்கியது. திரும்பவும் நீட்டினாள். இடது பக்கம் ஒரு கை வந்து முனையைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்தது. அண்ணன். தொழில் தொடங்கிய புதிதில், அவர் தனியாகப் பட்டறை போடும் வரை, முனையைப் பிடிப்பது அவர், எண்ணைப் படிப்பது அவள்.

"ஆயிரத்து இருநூத்தி நாலு" என்றாள். நடுவே. "ரெண்டு." கீழே. "மூணு."

"அப்ப ரெண்டு" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்து.

திரையை அளந்தாள். "ஆயிரத்து நூத்தி எண்பத்திரெண்டு."

சரியாக இருபது குறைகிறது. அந்தத் திரையை அளந்தவரும் வெட்டியவரும் யாரோ. அவர்களுக்கு நடுவிலும் இதேதான் நடந்திருக்கிறது.

"நமக்கு மட்டும்தான்னு நினைச்சேன்" என்றார் அண்ணன். 'நமக்கு' என்றார். அவள் டேப்பைச் சுருட்டினாள், ஆனால் உடனே இடத்துக்குப் போகவில்லை.

(இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எழுதுகிறவர்களும் குறைக்கிற ஜாதிதான். உரசக் கூடாதே என்று நடந்ததில் பத்து எம்எம் குறைத்துத்தான் எழுதுவோம். படிக்கிற நீங்களும் 'கதைதானே' என்று ஒரு பத்து குறைத்துக்கொள்வீர்கள். கடைசியில் ஓரத்தில் சந்து விழும். ஆகவே சொல்லிவிடுகிறேன்: அவள் அழுதாள். முதலில் அதை விட்டுவிட்டிருந்தேன்.)

6

"யார் குறைக்கணும்னு எழுதாதீங்க" என்றாள் அளவுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெட்டறவங்க அளந்தவங்களைக் கேட்டுட்டுத்தான் வெட்டணும்னு எழுதுங்க."

தலைவர் யோசித்தார். "கேட்டாங்கன்னு தேர்வாளருக்கு எப்படித் தெரியும்மா? கண்ணுக்கோ காதுக்கோ தெரியற மாதிரி இருந்தாத்தான் மார்க் போட முடியும்."

"போன்ல கேக்கட்டும்" என்றார் அண்ணன். "தேர்வாளர் முன்னாடியே."

"அப்ப அளவுக் காகிதத்துல போன் நம்பருக்கு ஒரு கட்டம் வேணும்."

நான் கட்டம் போட்டேன். அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதைத் திறந்து மூடி, மேசையைப் பார்த்தபடியே கேட்டார்:

"நம்பர் அதேதானா?"

ஒன்பது வருடத்தில் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"அதேதான்" என்றாள். மூன்று தரம் போன் கம்பெனி மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் கடைக்காரர் புது நம்பர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு தரமும் அவள் அடம்பிடித்துப் பழையதையே வைத்துக்கொண்டாள். ஏன் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

7

அடுத்த மாதம் பயிற்சிக் கல்லூரியில் சோதனைத் தேர்வு நடத்தினார்கள். புது விதிகள் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்க, அனுபவசாலிகளையே உட்கார வைத்தார்கள். அவள் அளந்தாள். காகிதம் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே வெட்டும் மெஷின், பக்கத்தில் அண்ணன், அவர் தலைமேல் தேர்வாளர். இந்தப் பக்கம் அவளோடு நான், கையில் குறிப்புப் புத்தகம்.

அவள் பையில் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. அதையும் அவள் அழிக்கவில்லை. தடுப்புக்கு அப்பால் அவர் தொண்டையைச் செருமுவது போன் இல்லாமலே கேட்டது. ஆறடி தூரம். நாலாவது மணியில் எடுத்தாள்.

"குறைச்சாச்சா?"

விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி. பதிலுக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறோம். பாடத்திட்டத்தை எழுதியவன் என்ற முறையில் எனக்கு நன்றாகவே தெரியும், மூன்றாவது கட்டம் கிடையாது. அவள் சொன்னது அந்த இரண்டிலும் அடங்கவில்லை. சின்ன வாக்கியம்தான், ஆனால் திரையைப் பற்றியதல்ல. தடுப்புக்கு அந்தப் பக்கம் தேர்வாளர் என்ன குறிப்பதென்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாராம். மெஷின் சத்தம் வெகுநேரம் வரவில்லை.

அந்த வாக்கியத்தை நான் நாலு விதமாக எழுதி நாலையும் அடித்துவிட்டேன். என் கை பட்டால் பத்து எம்எம் குறைந்துவிடுகிறது. ஆகவே இடத்தை மட்டும் முழுசாக அளந்து உங்களிடம் தருகிறேன். இன்னும் குறைக்கவில்லை. வெட்டப்போவது நீங்கள்.

"____________________________, அண்ணா."