பலாக்கொல்லையில் ஒரு ஓட்டு

வழக்கறிஞர் பாலமுருகனுக்குப் பலாக்கொல்லை வாக்குச்சாவடியில் விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அதுவும் அவரே போட்டது.

தொகுதி முழுக்கத் தோற்றதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. சுயேச்சையாக நிற்கிறவர் டெபாசிட்டை இழப்பது நாட்டு நடப்புதான். தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்து அதற்கு 'அறத்தின் தோல்வி' என்று பெயர் வைத்துவிடலாம். ஆனால் பலாக்கொல்லைக்கு என்ன பெயர் வைப்பது? ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுக்கு உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் அந்தக் குக்கிராமத்துக்கு வாக்குச்சாவடி வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அந்தத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து சென்னையில் எந்த மேடை ஏறினாலும் 'மலைக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தவர்' என்றுதான் அறிமுகம். அறிமுகம் செய்பவர் மறந்துவிட்டால் இவரே மைக்கை வாங்கி நினைவுபடுத்துவார். மலை தனக்கு ஓட்டுப் போடவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் இனி எந்த முகத்தோடு மேடை ஏறுவது?

தெரியாமல் மறைக்கவும் வழியில்லை. முன்பெல்லாம் பலாக்கொல்லைக்காரர்கள் மேடு ஏறி, ஓடை தாண்டி, பக்கத்துப் பெரிய ஊரின் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடுவார்கள். அவர்கள் ஓட்டு அந்த ஊர் ஓட்டோடு கலந்துவிடும். இப்போது தனிச் சாவடி, தனி இயந்திரம், தனிக் கணக்கு. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாம் இவர் தொண்டை வறள வாதாடி வாங்கியது.

பாலமுருகன் ஆலங்காயத்துக்காரர். அடிவாரத்தில் பிறந்து உயர் நீதிமன்றம் வரை ஏறியவர். பாகப்பிரிவினையும் விவாகரத்தும் பார்த்துப் பிழைக்கிற வக்கீல்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அரசமைப்புச் சட்டத்துக்குக் கீழே எதையும் தொடமாட்டேன் என்பார். அவருக்குப் பெரிய வெற்றிகள் இரண்டு. முதலாவது, சமவெளியில் ஒரு கிராமத்தில் ஊர்க்கூட்டம் போட்டு 'யாருக்குப் போட்டாய்' என்று ஆட்களை மிரட்டிக் கேட்ட வழக்கு. 'ஓட்டு என்பது போடுகிறவருக்கும் பொத்தானுக்கும் நடுவிலேயே முடிந்துபோகிற விஷயம். கேட்பது கடவுளே ஆனாலும் சொல்ல வேண்டியதில்லை' என்று இவர் முழங்கியதை நீதிபதி அப்படியே தீர்ப்பில் எடுத்துப் போட்டார். அந்த வரி இன்றைக்கும் இவர் அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வழக்குக் கொண்டு வருகிற கட்சிக்காரர்கள் அதற்குக் கீழேதான் உட்கார வேண்டும்.

இரண்டாவது வெற்றி பலாக்கொல்லை. முதன்முதலில் மலையேறிப் போனபோது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ரோடு வேண்டும் என்றார்கள். ரோடு போடுவது அரசாங்கத்தின் கொள்கை முடிவு, அதில் நீதிமன்றம் தலையிடாது, வேறு கேளுங்கள் என்றார். வேறு என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஓட்டுப் போட எங்கே போகிறீர்கள் என்று இவரே கேட்டு, இவரே அதிர்ச்சியடைந்து, இவரே மனுவும் போட்டுவிட்டார். அவர்கள் சரி என்றார்கள்.

அந்த 'சரி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலாக்கொல்லையில் ஒரு வழக்கம் உண்டு. வீடு தேடி வந்து கை நனைத்தவரிடம் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. உப்பு இல்லாவிட்டாலும் 'வாங்கணும்' என்பார்கள், புருஷன் ஊரில் இல்லாவிட்டாலும் 'வந்துருவாரு' என்பார்கள். ஆகவே தேர்தலில் இவர் வீடு வீடாகப் போய்ச் சாமைச் சோறு தின்றுவிட்டு, எனக்குத்தானே உங்கள் ஓட்டு என்று கேட்டபோது எல்லா வீட்டிலும் 'ஆமா சார், வேற யாருக்கு' என்றார்கள். இவருக்கு முந்தின நாள் வந்த இரண்டு பெரிய கட்சிக்காரர்களுக்கும் அதே சோறு, அதே பதில். அந்தக் கட்சிக்காரர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பதிலைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் படித்தவர், ஆகவே நம்பினார்.

நம்பிக்கை முற்றிப்போய் இன்னொரு காரியமும் செய்திருந்தார். தான் வாங்கிக் கொடுத்த சாவடியில் தானே ஓட்டுப் போட்டால் படம் நன்றாக இருக்கும் அல்லவா? சென்னையில் இருந்த தன் பெயரை வாக்காளர் பட்டியலில் பலாக்கொல்லைக்கு மாற்றிக்கொண்டார். விலாசம், சாந்தம்மாள் வீடு. சாந்தம்மாள் புளியந்தோப்புக்கு ஓரமாக ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிற, யாருக்கும் பயப்படாத பெண்பிள்ளை. "உங்க வூட்லயே நான் குடியிருக்கிற மாதிரி எழுதிக்கட்டுமாம்மா?" என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "இருங்க சார். இன்னா இப்போ, பாய் கூட இருக்குது" என்றாள் அவள். அரசமைப்புச் சட்ட நிபுணர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

முடிவு வந்தபின் இரண்டு நாள் அலுவலகக் கதவைத் திறக்கவில்லை. பிறகு அவருக்குள் இருந்த வழக்கறிஞர் விழித்துக்கொண்டார். ஊரே ஓட்டுப் போடுவதாகச் சொன்னது, இயந்திரம் இல்லை என்கிறது. மனிதர்கள் பொய் சொல்லமாட்டார்கள், அதிலும் மலை மனிதர்கள் சொல்லவே மாட்டார்கள். அப்படியானால் இயந்திரம்தான் பொய். ஒரு சாவடியில் பொய் என்றால் தொகுதியே பொய், தேர்தலே செல்லாது. இதைவிடப் பெரிய வழக்கு இந்தியாவில் எவனுக்குக் கிடைக்கும்? பாலமுருகனுக்குப் பசி எடுத்தது.

ஆலங்காயத்திலிருந்து ரமேஷின் ஜீப்பில் ஏறினார். ரமேஷ் மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி பேசிக்கொண்டு வந்தான்.

"முன்னல்லாம் ஓட்டு அன்னிக்குத்தான் சார் பலாக்கொல்லைக்குத் தீபாவளி. ரெண்டு கட்சியும் என் ஜீப்பையே மாத்தி மாத்தி வாடகைக்கு எடுத்து ஆளுங்கள ஏத்தினு போவும். ஓட்டுப் போட்டுட்டு அப்டியே புளி மூட்டைங்களயும் போட்டுக்கினு ஆலங்காயம் எறங்கிருவாங்க. ஆஸ்பத்திரி போறவங்களும் அன்னிக்குத்தான் போவாங்க."

"வாக்காளர்களை வண்டியில ஏத்திட்டுப் போறது தேர்தல் சட்டப்படி முறைகேடு" என்றார் பாலமுருகன்.

"ஆமா சார். அந்த முறைகேடு நடந்தாத்தான் மலைல ஒரு வண்டி ஓசில ஓடும். இப்பதான் நீங்க பூத்த வூட்டாண்டயே கொண்டாந்துட்டீங்களே. ஒருத்தனும் ஜீப்பு அனுப்பல."

இதைக் கேட்ட எவனுக்கும் அந்த ஒற்றை ஓட்டின் கதை அங்கேயே விளங்கியிருக்கும். பாலமுருகனுக்கு விளங்கவில்லை. மடியில் இருந்த பிரமாணப் பத்திரங்களில் ஒரு காற்புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்கள் பலா மரத்தடியில் கூடினார்கள். ஊர்க்கூட்டத்தில் முதல் வார்த்தை பேசுகிற சடையன் எதிரே குந்தினார். எல்லாருக்கும் பலாச்சுளை வந்தது, இவருக்குப் பெரிய சுளையாக வந்தது. தின்று முடித்துக் கை துடைத்துக்கொண்டு கேட்டார், "நீங்க எல்லாரும் எனக்குத்தானே போட்டீங்க?"

எல்லாரும் சடையனைப் பார்த்தார்கள். பிறகு சடையன், "உங்களுக்குத்தாங்க" என்றார். பின்னாலேயே "உங்களுக்குத்தான் சார்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சாந்தம்மாள் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பலமாக இருந்தது. அந்த மலைக் காற்றே தனக்கு ஓட்டுப் போட்டதாகப் பாலமுருகனுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது, அது நடிப்பில்லை. அவ்வளவு பேருடைய கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது ரமேஷுக்கு வாடகைக்கு மேல் கொடுத்தார்.

வழக்கு நடந்தது. மனுதாரர் தரப்பில் யார் வாதாடுவது என்ற கேள்வியே எழவில்லை. பாலமுருகன் வாதாட பாலமுருகனைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஜெயித்த எம்.எல்.ஏ.வுக்காக வந்தவர் கீதாஞ்சலி. சத்தம் போடாத பெண்மணி. பாலமுருகன் நீட்டி முழக்கும்போதெல்லாம் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் சாட்சி சாந்தம்மாள். புதுப்புடவை கட்டிக்கொண்டு, நீதிமன்றத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்யச் சொன்னார்கள். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் செய்தாள். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் பரம்பரைக்கே ஆகாது என்பது அவள் ஊரின் இன்னொரு வழக்கம். அதைப் பாலமுருகன் விசாரித்து வைத்திருக்கவில்லை.

"தேர்தலில் நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டார், குரலில் தேன் ஒழுக.

சாந்தம்மாள் முகம் வெளுத்தது. எதிரே நிற்பவர் அவள் வீட்டில் கை நனைத்தவர். தலைக்கு மேலே நிற்பது சத்தியம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு புடவைத் தலைப்பைத் திருகினாள்.

நீதிபதி கவனித்தார். "அம்மா, யாருக்குப் போட்டீங்கன்னு நீங்க சொல்லித்தான் ஆகணும்னு இல்ல. விருப்பம் இருந்தா சொல்லலாம்."

"சொல்லாட்டி குத்தம் இல்லீங்களா சாமி?"

"குத்தமே இல்ல. அது உங்க உரிமை."

கீதாஞ்சலி மெல்ல எழுந்தார். அது சம்பந்தமான தீர்ப்பு ஒன்று இருப்பதாகச் சொல்லி, கடவுளே கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை என்ற அந்த வரியை ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். அந்த உரிமையை நிலைநாட்டிக் கொடுத்தவர் எதிரில் நிற்கும் என் கற்றறிந்த நண்பர்தான் என்று தமிழிலேயே சாட்சிக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சாந்தம்மாளுக்கு உயிர் வந்தது. பாலமுருகனைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டாள். "நல்லா இருக்கணும் சார் நீங்க" என்றவள் நீதிபதியிடம் திரும்பி, "அப்ப நான் சொல்லலீங்க சாமி" என்றாள்.

வரிசையாக ஏறிய எல்லாரும் அதையே சொன்னார்கள். சடையன் கேள்வி முடியும் முன்பே, "உரிமைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒருவர்கூட இவருக்குப் போடவில்லை என்று சொல்லவில்லை; அத்தனை மரியாதையாக அவரை யாரும் அதுவரை தோற்கடித்ததில்லை. பாலமுருகனுக்குக் காது மடல் எரிந்தது. அவர் நெய்த வலை, முடிச்சு ஒன்றுகூட அவிழாமல் அவர் மேலேயே விழுந்திருந்தது.

கீதாஞ்சலி குறுக்கு விசாரணைக்குச் சாந்தம்மாளை மட்டும் மறுபடி ஏற்றினார். ஒரே கேள்வி.

"மனுதாரர் உங்க வீட்ல குடியிருக்கிறதா எழுதிக் கொடுத்துதான் உங்க ஊர்ப் பட்டியல்ல பேர் சேர்த்திருக்காரு. அவர் உங்க வீட்ல குடியிருக்காராம்மா?"

பாலமுருகன் ஆட்சேபிக்க எழுந்தார். எதை ஆட்சேபிப்பது என்று யோசித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஆட்சேபிக்க எழுந்தவர் கவுனைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

சாந்தம்மாள் நம்பிக்கையோடு நீதிபதியைப் பார்த்தாள். "சாமி, இதயும் சொல்லாம வுட்டுரலாமுங்களா?"

"இது அந்த உரிமையில வராதும்மா. சொல்லித்தான் ஆகணும்."

அவள் பாலமுருகனைப் பார்த்தாள். கோபமில்லை, மன்னிப்புத்தான் இருந்தது அந்தப் பார்வையில். அதுதான் அவரைச் சுட்டது.

"வந்தாருங்க. ரெண்டு வாட்டி வந்தாரு. சோறு துன்னாரு. பாய் இருக்குதுன்னு சொன்னேன், மழை வர்றதுக்குள்ள எறங்கணும்னு போய்ட்டாரு."

"அப்போ குடியிருக்கலையா?" என்றார் நீதிபதி.

கை நனைத்தவரிடம் அவள் பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"இல்லீங்க."

மனு தள்ளுபடியானது. அத்தோடு விட்டிருக்கலாம். வாக்காளர் உரிமைக்காகவே வாழ்ந்ததாகச் சொல்லும் ஒருவர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பொய் விலாசம் கொடுத்தது வேதனைக்குரியது என்று நீதிபதி ஒரு வரி எழுதி, உரிய அதிகாரி விசாரிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். அதிகாரி விசாரித்து, பலாக்கொல்லைப் பட்டியலில் இருந்து பாலமுருகன் பெயரை அடித்தார். சென்னைப் பட்டியலில் இருந்த பெயரை இவரே மாற்றிக்கொண்டு வந்துவிட்டாரே. ஊருக்கெல்லாம் ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்தவருக்கு இந்த நாட்டில் எங்கேயும் ஓட்டு இல்லை.

அலுவலகத்தில் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே, கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தபோது சடையன் போன் செய்தார். டவர் கிடைக்கும் பாறை மேல் ஏறியிருப்பார் போல, காற்று இரைந்தது.

"சார், உங்க பேர எடுத்துட்டோம்னு பூத்து செவுத்துல நோட்டீஸ் ஒட்ட ஆபீசருங்க வந்தாங்க. ஜீப்புல வந்தாங்க சார். திரும்பறப்ப சும்மாதான போவுதுன்னு நம்ம புளி மூட்டைங்கள ஏத்தி வுட்டோம். உங்க புண்ணியம்."

பாலமுருகன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆனா மனசு கேக்கல சார். ஒரு மனுசனுக்கு ஓட்டு இல்லன்னா எப்டி? அநியாயம் இது, வுடாதீங்க" என்றார் சடையன், உண்மையான வருத்தத்தோடு. "யாராச்சும் நல்ல வக்கீலா பாத்து ஒரு கேஸ் போடுங்க."