குறிப்பேட்டில் இல்லாத பிள்ளை

1

1993 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. திண்டிவனத்துக்கு வெளியே இருந்த எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் கூட்ட அறை. இருந்தவர்கள்: ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, பெரிய மேசைக்குப் பின்னால் டாக்டர் கிளாரா. வலப்பக்க பெஞ்சில் பயிற்சி டாக்டர்கள் நால்வர். எதிர் பெஞ்சில் நர்சுகள் மூவர். நடுவே இரும்பு ஸ்டூலில் நோயாளி அமல்ராணி, வயது பதிமூன்று. அவளுக்குப் பின்னால், நாற்காலி போட்டும் உட்காராமல், தாயார் அம்மணி. கதவோரம் சின்ன மேசையில் நோட்டுப் புத்தகத்துடன் நான், விருத்தாசலம், பதிவேட்டு எழுத்தர். மின்விசிறி ஓடவில்லை.

கதையை இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதப் பழகியது பள்ளிக்கூட இலக்கிய மன்றத்தில். ஒன்பதாம் வகுப்பில் மன்றச் செயலாளர். யார் எங்கே உட்கார்ந்தார் என்பதில்தான் அறிக்கை ஆரம்பிக்கும். அவையில் பேசியதை மட்டும் எழுத வேண்டும். வெளியே போய்ப் பேசியதைத் தொடக் கூடாது. அந்த விதியோடுதான் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தேன். அந்த விதியால் நான் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் இந்தக் கதை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

வேறு தொடக்கங்களும் முயன்று பார்த்தேன்.

“அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டு” (இல்லை. குறிப்பேட்டில் வெயில் என்று இருக்கிறது.)

“அமல்ராணியின் கண்ணுக்குள் யாரோ ஒரு செப்பு மோதிரத்தை” (அழகாக வருகிறது. நோயாளியின் கண்ணை இவ்வளவு அழகாக எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

“வியாழக்கிழமைகளை நினைத்தால்” (இது உண்மை. ஆனால் நினைக்கத் தொடங்கினால் கதை நகராது. வாரத்துக்கு ஓர் அபூர்வ நோயாளி. கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் டீயும் வேர்க்கடலை பர்பியும். பிறகு நான் தட்டச்சுப் பொறியில் மூன்று நகல் எடுப்பேன். கார்பன் தாளின் நீலம் ஞாயிறு வரை விரலில் இருக்கும். இப்போது அந்த அறையில் ஸ்கேன் இயந்திரம் நிற்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை.)

எனவே முதல் தொடக்கமே இருக்கட்டும்.

3

டாக்டர் கிளாரா இரண்டு நோட்டுகளைத் திறந்து வைத்தார். ஒன்றில் முத்து முத்தான எழுத்து; மற்றதில் கோட்டைத் தாண்டிச் சிதறிய கிறுக்கல். “இது நீ ஆறாவது படிக்கும்போது எழுதினது. இது போன வாரம். ரெண்டும் நீதானா?”

“நாந்தான் டாக்டர்.” நாக்கு குழறியது. “டீச்சரு நம்பல. யாரோ எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்லி பெஞ்சு மேல நிக்க வெச்சாங்க.”

“எதை நம்பல?”

“பழச.”

பயிற்சி டாக்டர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாயோரம் எச்சில் வழிய, அம்மணி முந்தானையால் துடைத்தாள். மாதா கோயிலில் மொட்டை போட்ட தலை விரற்கடை அளவு வளர்ந்திருந்தது. குடம் தூக்கினால் நழுவுகிறது, நடந்தால் தடுமாறுகிறது என்று ஒரு வருடமாகக் கோயில் கோயிலாக அலைந்துவிட்டு வந்திருந்தார்கள்.

கருவிழியைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக வளையம். அதை எல்லோரும் ஒவ்வொருவராக விளக்கு வைத்துப் பார்த்தார்கள். “வில்சன் நோய்” என்று டாக்டர் சொன்னார். சோற்றிலும் காயிலும் இருக்கும் செம்பைச் சரியாக வெளியேற்ற உடம்புக்குத் தெரிவதில்லை. அது ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் போய்த் தங்குகிறது.

“எங்க வூட்ல செம்புப் பாத்திரமே இல்லீங்க. எல்லாம் அலுமினியந்தான்” என்றாள் அம்மணி.

“பாத்திரத்தால இல்லம்மா. மாத்திரை குடுக்கறேன். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. வேர்க்கடலை, அதான் மல்லாட்டை, சாப்பிடக் கூடாது.”

“மல்லாட்ட கூடாதா? பறிக்கப் போனா கூலியே மல்லாட்டதான் அளக்கறாங்க. வூடு பூரா அதான் கீது.”

“வித்துடுங்க. இவ வாயில மட்டும் போடாதீங்க.” பிறகு டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். “இது ஒரே தாய் தகப்பனுக்குப் பொறந்த பிள்ளைங்கள்ல நாலுல ஒருத்தருக்கு வரலாம். வெளிய தெரியாம உள்ளேயே இருக்கும். இப்பவே மருந்து குடுத்தா தலைகாட்டாது, விட்டா உயிருக்கே ஆபத்து. கூடப்பிறந்தவங்க எத்தனை பேரு?”

“ரெண்டு பேருங்க. மூத்தவன் ஒருத்தன், எளையவன் ஒருத்தன்.”

எழுதிக்கொண்டேன்: உடன்பிறந்தோர் இருவர்.

4

கூட்டம் முடிந்ததும் தபால் முகவரி வாங்குவது என் வேலை. வராந்தாவில் அம்மணி முகவரி சொன்னாள். சொல்லி முடித்தும் போகாமல் நின்றாள்.

“சார், இன்னொண்ணு கீது. எங்க அக்காவுக்குப் புள்ள இல்ல. என் கடைசிப் பொண்ண, பொறந்த பதினோராம் நாள் தூக்கிக் குடுத்துட்டேன். இப்ப மூணு வயசு ஆவுது.”

“உள்ள சொல்லலையே.”

“சொல்லக் கூடாது சார். குடுத்த புள்ளய என் புள்ளன்னு நான் வாயால சொன்னா குடுத்தது குடுத்ததா ஆவாது. மாதா முன்னாடி சொல்லித்தான் குடுத்தேன். எங்க அக்காதான் அதுக்கு ஆத்தா.”

“அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?”

“நீங்க டாக்டர் இல்லியே.”

பேனாவை மூடி பாக்கெட்டில் சொருகினேன். அவையில் சொல்லாதது. தவிரவும், அவள் சொன்ன விதத்தில் நானும் அப்படியே நம்பிவிட்டேன்: அது அக்காவின் பிள்ளை. இரண்டு பையன்களையும் வரவழைத்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு டாக்டர் கிளாராவின் கட்டுரை வந்தது. “உடன்பிறந்தோர் இருவரும் பாதிக்கப்படவில்லை” என்ற வரியைத் தட்டச்சு செய்தது இந்தக் கைதான்.

(இங்கே என்னைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கதாபாத்திரமாக என்னைப் பார்த்தால், ‘இவன் மறந்தானா, மறந்ததாகச் சொல்கிறானா’ என்று நான் கேட்டிருப்பேன். மூன்று வரைவில் ‘மறந்துவிட்டேன்’ என்று எழுதினேன். மூன்றிலும் அடித்துவிட்டேன். மறக்கவில்லை. எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு தாய் வராந்தாவில் தயங்கி நின்று எழுத்தனிடம் ஒன்றைச் சொன்னால், அவன் அதை அறைக்குள் கொண்டுபோக வேண்டும் என்றுதான் சொல்கிறாள். அது எனக்கு விளங்கப் பதின்மூன்று வருடம் ஆயிற்று.)

5

அந்தப் பதின்மூன்று வருடமும் நல்ல வருடங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அமல்ராணிக்கு அஞ்சலட்டை போடுவேன்: ‘மறுபரிசோதனைக்கு வரவும். பழைய சீட்டு கொண்டு வரவும்.’ இரண்டாம் வருடம் நாக்கு நேரானது. மூன்றாம் வருடம் அவளே பதில் எழுதினாள், கோடு போட்ட தாளில், எழுத்தெல்லாம் கோட்டுக்குள். ‘சார் மல்லாட்டை தின்னவில்லை. ஒரு நாள் மட்டும் தின்றேன்.’ அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்காமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். விதியை மீறி நான் செய்தது அதுவரை அந்த ஒன்றுதான்.

2006 ஜனவரியில் வந்தாள். இருபத்தாறு வயது, திண்டிவனத்தில் தையல் கடையில் வேலை. டாக்டரைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், எங்க பெரியம்மா பொண்ணு வெனிலா இருக்கால்ல, பதினொண்ணு படிக்கறா. அவ ரெக்கார்டு நோட்டப் பார்த்தேன். என் பழைய நோட்டாட்டமே கீது.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“இல்ல சார். சும்மா உங்ககிட்ட சொன்னேன்.”

அவளைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பவில்லை. வெனிலாவை அம்மணி தூக்கிக் கொடுத்தபோது இவளுக்குப் பத்து வயது. இவளுக்கு எல்லாம் தெரியும். அம்மாவைப் போலவே இவளும் வராந்தாவுக்கு வந்திருக்கிறாள்.

நான் எழுந்து அறைக்குள் போனேன்.

டாக்டர் கிளாரா முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். “விருத்தாசலம், அன்னிக்கு ஃபேன் ஓடலைங்கிறது உங்க நோட்டுல இருக்கு. இது ஏன் இல்ல?”

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தேன்.

“எழுத்து மாற ஆரம்பிச்சிருச்சுன்னா நாள் தள்ளக் கூடாது. கூட்டிட்டு வாங்க.”

6

பேருந்தில் விழுப்புரம்; அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர். வெனிலாவை வளர்த்த ஜெயத்தின் வீடு கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்தது. (வெனிலாவின் உண்மைப் பெயர் இதுவல்ல, ஊரும் இதுவல்ல. மருத்துவக் கட்டுரைப் படங்களில் நோயாளியின் கண் மேல் கறுப்புப் பட்டை ஒட்டுவார்கள் இல்லையா, அப்படி.)

ஜெயம் நாற்காலி போட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது.

“அது என் தங்கச்சி வூட்டு நோவு சாரு. அவ புள்ளைக்கு வந்துச்சு. என் பொண்ணுக்கு எப்படி வரும்?”

“கையெழுத்து மாறியிருக்குன்னு…”

“பரீட்ச பயம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்த ஆஸ்பத்திரிப் படிய மிதிச்சா, நான் அவளப் பெக்கலன்னு நானே ஒத்துக்கின மாதிரி. அவளுக்குத் தெரியாது. பதினாறு வருஷமா பேஜாரு இல்லாம கீறோம். ஜல்தி கெளம்புங்க, இஸ்கூல் விட்டு வர்ற நேரம்.”

நான் எழுவதற்குள் சைக்கிள் வந்துவிட்டது.

“யாரும்மா?”

“மல்லாட்ட வேபாரி.”

“இந்த வருசம் எங்களுக்கு மல்லாட்டயே இல்லியே சார். கரும்புதான் போட்டிருக்கோம்” என்று சிரித்தபடி வெனிலா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டில் வைத்த டம்ளர் கடகடத்தது. பாதித் தண்ணீர் தட்டில் நின்றது.

“எங்கம்மா மாதிரியே எனக்கும் கை பதறும் சார். அம்மாதான் சொல்லும்.”

ஜெயம் தன் இரண்டு கைகளையும் மடியில் பார்த்தாள். அவை அசையாமல் இருந்தன.

7

இனி முடிவுகள். வாசகர் பொறுக்க வேண்டும். அன்று இவை எனக்கு முடிவுகளாக வரவில்லை, கடித வரைவுகளாகத்தான் வந்தன.

முதல் வரைவு. “அன்புள்ள வெனிலா, உன்னைப் பெற்றவர்” (நிறுத்திவிட்டேன். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதைச் சொல்ல நான் யார்? ஆனால் அவள் உயிர் அவளுடையது அல்லவா? இன்றும் இந்த வரியில் எனக்குக் கை நிற்கிறது.)

இரண்டாவது: அம்மணியே அக்காவுக்கு எழுதுவது. ஆள் அனுப்பி வரவழைத்தேன். நான் சொல்லி முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான் போய் நின்னா புள்ளயத் திருப்பிக் கேக்க வந்துட்டன்னு நெனைக்கும் சார். கதவச் சாத்திக்கினா அப்புறம் யாரு தொறப்பா?”

மூன்றாவது: டாக்டரே ஜீப்பில் போவது. ஜீப் தெருவில் நின்ற அரை மணியில் ஊர் பேசும். ஊர் பேசுவது அந்தப் பெண்ணின் காதில் விழும்.

நான்காவதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

‘பெறுநர்: வெனிலாவின் தாயார், திருமதி ஜெயம் அவர்கள். அம்மையீர், தங்கள் தங்கை மகளுக்கு உள்ள நோய், சில குடும்பங்களில் மூத்த சகோதரி வழியாகவும் இறங்குவதாக எங்கள் மருத்துவமனை ஆய்வு செய்து வருகிறது. தங்களுக்குக் கை பதறுவது உண்டு என அறிகிறோம். ஆகவே தாங்களும், தங்கள் வயிற்றில் பிறந்த மகள் வெனிலாவும் வரும் வியாழக்கிழமை காலை வந்து பரிசோதனை செய்துகொள்ளக் கோருகிறோம். முதலில் தங்கள் கண்களைப் பார்ப்போம். அதன் பிறகே மகளுக்கு.’

டாக்டர் கிளாரா இரண்டு முறை படித்தார்.

“இது மருத்துவம் இல்ல.”

“இல்லைங்க டாக்டர்.”

“இப்படி ஒரு ஆய்வும் நம்ம நடத்தலையே.”

“வியாழக்கிழமை ரெண்டு பேரும் வந்துட்டா நடத்தின மாதிரிதாங்க.”

“அந்தம்மா கண்ணுல நான் என்னத்தைப் பார்க்கிறது?”

“கொஞ்ச நேரம் பாருங்க டாக்டர். போதும்.”

கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

8

யாரும் எந்த அறையிலும் சொல்லாத ஒன்றை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு ஓய்வு பெற்று நிறைய எழுதிவிட்டேன். அதைப் போல ஒன்று அமையவில்லை.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். வந்தார்கள் என்றால் வெனிலா இப்போது எங்கோ ஒரு வீட்டில் இதைப் படிக்கலாம். தினம் தான் விழுங்கும் மாத்திரையை வைத்துத் தன்னை அடையாளம் கண்டுகொள்வாள். வரவில்லை என்றால் படிக்கப்போவது ஜெயம். இரண்டில் எதை எழுதினாலும் அந்தக் கடிதம் காப்பாற்றியதை இந்தக் கதை உடைத்துவிடும். நீங்கள் அவர்களை உட்கார வையுங்கள்: டாக்டர் எங்கே, ஜெயம் எங்கே, ஸ்டூலில் யார், கதவோரம் யார். அல்லது ஸ்டூலைக் காலியாக விடுங்கள்.

என்னால் தர முடிவது அந்த வியாழக்கிழமைக்கு முந்திய திங்கள் மட்டும். திண்டிவனத்தில் போட்டால் ஒரு நாள் தாமதமாகலாம் என்று விழுப்புரம் ஜங்ஷனுக்கே போனேன். தபால் பிரிக்கும் அலுவலகத்தின் கம்பிக்கு முன்னால் நின்று, கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். மூடி ஓரத்தில் பசை தடவி, கட்டை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தினேன். பதிவுத் தபால் என்று நீட்டினேன்.

உள்ளே இருந்தவர் முகவரியை மேலும் கீழும் பார்த்தார். “பொண்ணு பேரும் இருக்குது, அம்மா பேரும் இருக்குது. யாரு கையில குடுக்கணும்?”

“அம்மா கையில.”

முத்திரை குத்தினார். உறையைத் திருப்பி இன்னொரு முறை குத்திவிட்டு, பின்னால் தொங்கிய பைகளில் திருவெண்ணெய்நல்லூர்ப் பைக்குள் போட்டார்.