ஸ்காஃபுக்கு மேல் ஒரு ஹெட்செட்

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஏற்ற ஹெட்செட் எது என்று இணையத்தில் தேடினால் ஒரு மொட்டைத் தலை ஆள் வருவான். ஹெட்செட்டை மாட்டித் தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டி, "மூன்று மணி நேரம் போட்டிருந்தேன், நோகவேயில்லை" என்பான். அவனுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். சாய்ந்தமருதில் சித்திரை வெயிலில், மின்விசிறி சுடுகாற்றை மட்டும் சுழற்றும் ஓர் அறையில் இருந்துகொண்டு நான் அவனை நம்பத் தயாராக இல்லை.

என் பெயர் ஸம்றா. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். நாலாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. கழற்றினால் உம்மாவும் அலுமாரியும் ஒன்றுபோலத் தெரிவார்கள். பின்னேரம் அசர் தொழுதபின் பொழுதுபட்டு மஃரிப் தொழும் வரை கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவேன். ஒலுவில் கம்பசில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பெண்கள் ஓர் அணி. எனக்குக் கண் மந்தம் என்பதால் அணியில் காது வேலை கொடுத்திருக்கிறார்கள். எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்று நான் சொல்வேன். மற்றவர்கள் சுடுவார்கள்.

பழைய ஹெட்செட் என் கண்ணாடியின் கால்களைக் காதுக்கு மேல் எலும்போடு வைத்து அழுத்தும். கொஞ்ச நேரத்தில் தலையிடி தொடங்கிவிடும். தலையிடியோடு காலடி கேட்க முடியாது. பக்கத்தில் நின்று சுட்டாலும் அது தலைக்குள் இடிக்கிறது என்றே நினைப்பேன். ஆகவே வயர் இல்லாத, விலை நடுத்தரமான ஒன்றை வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

புளூடூத்தில் மட்டும் வேலை செய்வதை முதலில் ஒதுக்கினேன். அதில் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும். காலடி கேட்பதற்குள் ஆள் சுட்டுவிட்டுப் போயிருப்பான். பளபளப்பான செயற்கைத் தோல் உறை போட்டதையும் ஒதுக்கினேன். என் வியர்வைக்கும் இந்தக் கடற்காற்றுக்கும் அது உரிந்து காதில் ஒட்டும். கடைசியில் இரண்டு மிஞ்சின, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். இரண்டையும் பற்றி நான் வாசித்த அளவுக்குப் பரீட்சைக்கு வாசித்திருந்தால் இன்று வேறு எங்கேயோ இருந்திருப்பேன்.

இரண்டும் கல்முனையில், எல்லோருக்கும் அண்ணன் முறையான ஜவுபர் காக்காவின் கடையில் இருந்தன. அணியில் நன்றாகச் சுடுகிற தர்சிகா காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள்.

"போட்டுப் பாருங்க தங்கச்சி. வாங்கின பொறவு திருப்பி எடுக்க மாட்டன். எத்தினை தரம் போட்டாலும் இப்பவே போட்டுப் பாத்துக்கங்க" என்றார் ஜவுபர் காக்கா.

கறுப்பை மாட்டினேன். ஸ்காஃப், அதற்குள் கண்ணாடியின் கால், அதற்கும் உள்ளே என் எலும்பு. கறுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து நெரித்தது. மைக் நல்லது, பற்றரி நல்லது, சத்தம் தேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் எனக்கு ஜவுபர் காக்கா மீது காரணமில்லாமல் கோபம் வந்தது. கழற்றி வைத்தேன்.

சாம்பலை மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. துணி உறை, பாரமே இல்லை, கண்ணாடி இருப்பதை மறந்துவிட்டேன். தலையை ஆட்டினேன், குனிந்தேன், கடைக்குள் நடந்து பார்த்தேன். ஸ்காஃபுக்கு மேல் அசையாமல் இருந்தது. ஜவுபர் காக்கா பிளேன்டீ ஊற்றித் தந்தார், அதையும் ஹெட்செட்டோடேயே குடித்தேன்.

"எடுத்திட்டு வாடி, போவம். இதுக்கு மேல அத நிக்காஹ்தான் செய்யோணும்" என்றாள் தர்சிகா. எங்களோடு படித்துப் படித்து, கலியாணத்துக்கு நாங்கள் சொல்லும் அந்தச் சொல்லும் அவளுக்குப் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். அறைக் கதவைச் சாத்தினேன். ஸ்காஃபைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு ஹெட்செட்டை மாட்டினேன். அது காதைக் கடந்து இறங்கிக் கழுத்தில் போய் உட்கார்ந்தது.

பட்டையை ஆகக் கடைசிவரை சுருக்கினேன். இந்த முறை மூக்குக் கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு இறங்கியது. அப்போதுதான் விளங்கியது. கடையில் நான் அளந்து பார்த்தது தெருவுக்குப் போகிற என் தலையை. வீட்டில் இருக்கும் தலை அதைவிடச் சின்னது. கணித ஆசிரியைக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ஸ்காஃபை எடுத்துக் கட்டினேன், குண்டூசி குத்தினேன், ஹெட்செட்டை மாட்டினேன். ஆடாமல் அசையாமல் இருந்தது. அன்றிலிருந்து என் சொந்த அறையில், சாத்திய கதவுக்குள், ஒரு நாளும் தவறாமல் தலையை மூடிக்கொண்டு எதிரிகளைக் காட்டிக்கொடுத்தேன்.

கம்ப்யூட்டரின் முதுகு மட்டும் தெரியும் ஜன்னல் வழியாக உம்மா பார்த்திருக்கிறார். உம்மாவின் பெயர் ஆசியா. ஒரு விசயத்தைப் பாதி பார்த்தால் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். அவர் பார்த்தது இது: மகள் தலையை மூடியிருக்கிறாள், காதில் ஹெட்செட் இருக்கிறது, பார்வை குனிந்திருக்கிறது, உதடு முணுமுணுக்கிறது, கூப்பிட்டால் கேட்கவில்லை. புது மைக் நல்லது என்பதால் "இடப்பக்கம் ரெண்டு பேர், படிக்கட்டுல ஒருத்தன்" என்று நான் சின்னச் சத்தத்தில்தான் சொல்வேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பலர் ஓன்லைனில் குர்ஆன் வகுப்புக்குப் போகிறார்கள். உம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

டிவியின் சத்தம் குறைந்தது. இஞ்சி போட்ட தேத்தண்ணி கதவடிக்கு வந்தது. உறவுக்காரப் பிள்ளைகள் முற்றத்தில் கத்தினால், "சத்தம் போடாதீங்க, ராத்தா ஓதுறா" என்று, அக்கா குர்ஆன் ஓதுகிறாள் என்ற பெருமையில், உம்மா விரட்டினார். நான் உடனேயே சொன்னேன்.

"உம்மா, நான் ஓதல்ல. கேம் விளாடுறன்."

உம்மா என்னைப் பார்த்த பார்வையில் கண்ணீர் தளும்பியது. "நன்மைய ஒளிச்சுச் செய்யிறதுதான் புள்ள பெரிய நன்ம. நீங்க ஒண்டும் செல்லத் தேவல்ல."

மறுநாளும் சொன்னேன். உம்மா போய்ப் பக்கத்து வீட்டில், கேட்டாலும் மறைக்கிறாள், அவ்வளவு இக்லாஸ், அவ்வளவு தூய மனசு என்று சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்லச் சொல்ல என் மார்க்கப்பற்று ஊரில் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் முறை சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்த நேரத்தில்தான் மருதமுனையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றிஸ்வான். எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைத் திருத்த வருகிறவர். ஒரு தடவை நானே அவரைப் பார்த்திருக்கிறேன். மூக்கில் இறங்கும் கண்ணாடியைப் புறங்கையால் தள்ளிக்கொண்டு, வேலை முடிந்ததும் மேசைக்குப் பின்னால் தொங்கிய வயர்களையெல்லாம் ஒழுங்காகக் கட்டி வைத்துவிட்டுப் போனார். வயரைக் கட்டி வைக்கும் ஓர் ஆணை நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் பிரச்சினை.

"பொடியனும் அப்புடித்தானாம். வீட்டுக்குள்ளயும் தொப்பி கழட்டுறல்ல. அசருக்குப் பொறவு அறைக்குள்ள போனா மஃரிப் மட்டும் ஒரே திக்ராம், அல்லாஹ்ட பேரச் செல்லிட்டே இரிப்பானாம். ஒங்கட கதயக் கேட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்திரிக்காங்க" என்றார் உம்மா.

எங்கள் ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தனியாக இருக்கும்போதும் தலை திறக்காத ஒருத்தியை நம்பி அவர் இந்த வீட்டுக்கு, இந்த அறைக்கு வந்து இறங்குவார். அவள் இங்கே இருக்க மாட்டாள், நான்தான் இருப்பேன். அவரைப் பிடிக்காமல் இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பிடித்திருந்ததால் அவருடைய ஆட்கள் ஒருவராவது என் உண்மையை நம்பியாக வேண்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை அசருக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா, பாஹிமா மாமி, என்னையும் வீட்டையும் பார்க்க வந்தார். உயரமான, அதிகம் பேசாத பெண். அபாயா, ஸ்காஃப், அதற்குள் தடித்த கண்ணாடி. வட்டிலப்பத்தைத் தின்றார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கடைசியாக என் அறைக்குள் வந்து மேசையில் கிடந்த ஹெட்செட்டைப் பார்த்தார்.

"இதாலதான் புள்ள ஓதுற" என்றார் உம்மா பெருமையோடு. சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனார்.

நானும் மாமியும் தனியே நின்றோம். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"மாமி, நான் ஓதுறல்ல. இதுல துவக்கு விளாட்டுத்தான் விளாடுறன்."

மாமி சிரித்தார். "கேள்விப்பட்டன் மகள். மறைப்பீங்களெண்டு."

வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டேன். நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தும் அணி விளையாடிக்கொண்டிருந்தது. அவர்களோடு இணைத்துவிட்டு ஹெட்செட்டை எடுத்து, அனுமதி கேட்டு, மாமியின் ஸ்காஃபுக்கு மேல் மாட்டினேன். கன கச்சிதமாக உட்கார்ந்தது.

மாமியின் காதில் என்ன விழுந்தது என்பதைத் தர்சிகா பிறகு சொன்னாள். "எங்கடி போய்த் துலைஞ்ச நீ? காது இல்லாமக் குருடிகள் மாதிரி நிக்கிறம். கிணத்தடியில ஒருத்தன் ஒளிச்சு நிக்கிறான், வா, வந்து எந்தப் பக்கமெண்டு சொல்லு, மண்டையில போடுறன்" என்று கத்தியிருக்கிறாள். தொடர்ந்து துப்பாக்கிச் சத்தம்.

மாமியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன். துக்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

மாமி மெதுவாக ஹெட்செட்டைக் கழற்றினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி நோகல்ல" என்றார்.

"ஓம் மாமி."

"ஸ்காஃப் இல்லாட்டி?"

"வழுகும் மாமி. கழுத்துக்கு வந்திடும்."

மாமி பட்டையை இழுத்து விரித்துப் பார்த்தார். "தொப்பி போட்டா?"

"எந்தத் தொப்பி மாமி?"

"தொழுற தொப்பி. கட்டித் தொப்பி."

"கட்டித் தொப்பியெண்டா நிக்கும்" என்றேன்.

மாமி கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி ஸ்காஃபின் நுனியால் துடைத்தார். "எங்க வாங்கின?"

"கல்முனையில. ஜவுபர் காக்காட கடையில."

"என்ட மகனும் அங்கதான். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு வாற வழியில, தொப்பியோட போய் வாங்கிட்டு வந்தவன். இதே சாம்பல்தான்." மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "அவனும் கேமெண்டு செல்லித்தான் பாத்தான் மகள். நான்தான் நம்பல்ல."

தட்டத்தோடு வந்த உம்மா வாசலில் நின்று, "என்ன ஓதல் கேட்டீங்க?" என்று ஆசையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இரிக்கி ராத்தா. எங்களுக்குச் சம்மதம்" என்றார் பாஹிமா மாமி. தேத்தண்ணியை வாங்கி முழுவதையும் குடித்தார்.

போகும்போது கேற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உம்மாவுக்குக் கேட்காமல் சொன்னார். "மகள், அவன் இஞ்ச வந்தா அந்தத் தொப்பிய வீட்டுக்குள்ள கழட்டச் செல்லுங்க. தல முழுக்க வேர்க்குரு. ஒவ்வொரு நாளும் நான்தான் பவுடர் போட்டு உடுறன், திக்ருல இரிக்கிற புள்ளயெண்டு."

சிரிப்பு வரவில்லை. எனக்கும் காதுக்குப் பின்னால் வேர்க்குரு இருந்தது.

ஹெட்செட்டின் பட்டைக்குள் துணி வைத்துத் தைத்தால் அது நழுவாது என்பது எனக்கு எப்போதோ தெரியும். தைத்தால் ஸ்காஃப் தேவைப்படாது, ஸ்காஃப் போனால் இஞ்சித் தேத்தண்ணியும் போய்விடும் என்றுதான் தைக்காமல் இருந்தேன். அன்று மஃரிப் தொழுதுவிட்டுப் பழைய துவாய் ஒன்றை வெட்டி, மடித்து, பட்டையின் உள்பக்கத்துக்கு அளந்து தைத்தேன். தலையைத் திறந்துகொண்டு மாட்டிப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் இருந்தது. பிறகு மருதமுனையில் இருக்கும் அந்த இன்னொரு சாம்பலுக்கும் அதே அளவில் ஒன்று தைத்து, அலுமாரிக்குள் என் கலியாணச் சாமான்களோடு வைத்தேன்.