காலைத் தூக்குங்க!

வீட்டில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனை வரை கேட்கும். சலவை ஆலையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த அன்று, வாயைத் திறப்பதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டுதான் போனாள்.

துவைத்த ஈரப் போர்வைகளை வண்டியில் ஏற்றி, தேய்க்கும் அறைக்குத் தள்ளிப்போக வேண்டும். வாசலில் ஓர் இரும்புப் பட்டை பெயர்ந்து தூக்கிக்கொண்டு நின்றது. வண்டி ஏறிவிட்டது, அவள் கால் ஏறவில்லை. குப்புற விழுந்தாள், வண்டியும் கவிழ்ந்து போர்வைகளெல்லாம் அவள்மேல் சரிந்தன.

அங்கே நிரந்தர வேலையில் இருந்த நாத்தனார் ஓடிவந்து போர்வைகளை விலக்கினாள்.

"ஐயோ அண்ணி! அங்க காலைத் தூக்கி வைக்கணும்னு சொல்ல மறந்தே போச்சு!"

"அப்ப நீங்கல்லாம் விழ மாட்டீங்களா?"

"எங்களுக்குப் பழகிடுச்சு. புதுசா வர்றவங்கதான் விழுவாங்க."

கணுக்கால் பந்தாக வீங்கியது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "டெம்பரரிதானே? ஏஜென்சில வேற ஆள் கேளு."

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருவதாக இல்லை. தேய்க்கும் அறையின் அதே வாசலருகே நாற்காலி போட்டு, காலில் ஐஸ் வைத்து உட்காரவைத்தார்கள். அதற்குள் மாற்று ஆள் வந்துவிட்டார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்த அவர், வண்டியை வேகமாகத் தள்ளிவந்தார். அவளால் பொறுக்க முடியவில்லை.

"காலைத் தூக்குங்க!"

ஆலையே அதிர்ந்தது. மனுஷர் துள்ளிக் குதித்துத் தப்பினார்.

"கொஞ்சம் மெதுவாம்மா," என்றார் மேற்பார்வையாளர்.

"பட்டையைச் சரிபண்ணுங்க சார், வாயை மூடிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து முதலாளி இரண்டு விருந்தாளிகளோடு அந்த வாசலை நோக்கி வந்தார். மேற்பார்வையாளர் கண்ணாலேயே கெஞ்சினார். அவளும் உதட்டைக் கடித்துப் பார்த்தாள்.

"காலைத் தூக்குங்க!"

மூன்று பேரும் கொக்குபோல் ஒற்றைக்காலில் நின்றார்கள். தேய்க்கும் அறை மொத்தமும் சிரித்தது. முதலாளி குனிந்து பட்டையைப் பார்த்தார், பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"இதுல வேற யாராவது விழுந்திருக்காங்களா?"

முதலாளி எதிரில் ஒருநாளும் பேசாத நாத்தனார் முன்னால் வந்தாள். "வர்ற டெம்பரரி ஆளுங்க எல்லாருமே சார்."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மேற்பார்வையாளர் துணைக்குப் போக வேண்டியதாயிற்று. "கால் சரியானதும் இவங்களே வேலைக்கு வரணும்," என்றும் முதலாளி சொல்லிவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது பட்டை இல்லை. தரை வழவழவென்று இருந்தது. ஆனால் பழைய ஆட்கள் எல்லாரும் அந்த இடம் வந்ததும் வாய்க்கால் தாண்டுகிறவர்கள்போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"சிரிக்காதீங்க அண்ணி. இன்னிக்குப் புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க. பாய்லர் பக்கம் தரை வேற வழுக்கும்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு பாய்லர் பக்கம் ஓடினாள்.