பிடுங்கிப் போட்ட கூம்புப்பூ

பட்டறைக்காரி கை வைத்தால் இரும்பு இளகும், செடி மட்டும் பட்டுப்போகும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். வெல்டிங் பட்டறையில் கேட்டும் கிரில்லும் செய்கிறவள் அவள். அடுத்த தெருவில் இருந்த அவளுடைய அக்கா நேர்மாறு. நல்ல கைராசிக்காரி. அக்கா வீட்டு ரோஜாவைப் பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள்.

பட்டறைக்காரி ஒருநாள் விதைக்கடையில் ஒரு பாக்கெட்டைப் பார்த்து மயங்கி வாங்கிவந்துவிட்டாள். அதில் போட்டிருந்த எக்கினேசியா என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. படத்தில் நடுவே செம்பழுப்பாக ஒரு கூம்பு, சுற்றிலும் தலைகுனிந்த ஊதா ரோஸ் இதழ்கள். கூம்புப்பூ என்று அவளே பெயர் வைத்துவிட்டாள்.

விதையை ஈரமணலில் புதைத்துச் சில வாரம் குளிரில் வைக்க வேண்டும் என்றிருந்தது. டப்பாவை ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கணவர் திறந்து பார்த்தார்.

"என்ன இது, மண்ணா? இனிமே இதைத்தான் பரிமாறப் போறியா?"

"முளைச்சு வரட்டும், அப்புறம் பேசுங்க."

முளைத்தது. கேட் ஓரத்தில், நாள் முழுக்க வெயில் விழுகிற சரளை மண்ணில் நாற்றுகளை நட்டாள். முதல் வருஷம் பூவே இல்லாமல் சொரசொரவென்று இலைகள் மட்டும்.

"என்னடி, கீரையா போட்டிருக்க?" என்றாள் அக்கா. "கொஞ்சம் உரம் வையேன்."

"வேணாம்க்கா. கொழுத்துப்போனா சாய்ஞ்சிடுமாம். இப்ப வேர் விடுது, விடட்டும்."

குளிர் வந்ததும் இலைகள் கருகித் தரையோடு படிந்தன. குளிர் விடப்போகிற நேரத்தில், அவள் பட்டறையில் இருந்தபோது அக்கா வந்தாள். தங்கைக்கு உதவியாக இருக்கட்டும் என்று காய்ந்ததையெல்லாம் பிடுங்கிக் குப்பைத்தொட்டி ஓரம் குவித்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்த பட்டறைக்காரி அதைப் பார்த்ததும் அங்கேயே குந்தினாள். குவியலில் ஒரு வேரை எடுத்து நகத்தால் சுரண்டினாள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் கடப்பாரையைத் தேடினாள்.

பாதி நட்டுக்கொண்டிருக்கும்போது, மறந்துவிட்டுப்போன கையுறையை எடுக்க அக்கா வந்தாள்.

"செத்ததைப் போய் ஏன்டி நடுற?"

"சாகலைக்கா. மேலதான் காஞ்சிருக்கு. வேர் உசுரோட இருக்கு." சுரண்டின இடத்தைக் காட்டினாள்.

அக்காவின் முகம் செத்துப்போனது. "திட்டுடி என்னை. ரெண்டு வார்த்தை நல்லாத் திட்டிடு."

"திட்டினா வேர் பிடிக்குமா? உக்காரு. இந்தப் பக்கம் மண்ணை இறுக்கிவிடு."

இருட்டும்வரை இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா தன் ரோஜாவைப் பார்க்குமுன் இங்கே வந்து எட்டிப்பார்த்துவிட்டுத்தான் போவாள். நடுவில் ஒரு மழை அடித்துத் தண்ணீர் தேங்கியது. அறுந்த வேர் அழுகிவிடுமே என்று பட்டறைக்காரி நனைந்துகொண்டே வாய்க்கால் வெட்டிவிட்டாள். அப்படியும் சிலது போயிற்று. மீதி, ஊசிமுனையாகத் துளிர்த்தது.

கோடையில் முழங்கால் உயரத்துக்குத் தண்டுகள் விறைப்பாக நின்றன. மொட்டு பச்சையாகத் திறந்து, இதழ் நிறமேறி, கூம்பு தடித்தது. தேனீக்கள் விடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டன. அவள் பட்டறைக்குக் கிளம்பத் தாமதமாவதும் வழக்கமாயிற்று.

ஒரு சாயங்காலம் முகமெல்லாம் கரியோடு வீடு திரும்பினால், கேட்டருகே சின்னக் கூட்டம். ரோஜா பார்க்க வந்தவர்களை அக்கா இங்கே இழுத்து வந்திருந்தாள்.

"நான் போட்டதுன்னு நினைச்சுடாதீங்க. நான் வேரோட பிடுங்கி எறிஞ்சது இது. என் தங்கச்சிதான் பிழைக்கவச்சா."

"யாரு, அந்த கேட் செய்யறவங்களா?"

"கேட்டும் செய்வா," என்றாள் அக்கா, தலை நிமிர்ந்து. திரும்பியவள் தங்கையைப் பார்த்துவிட்டாள். "வாடி. இவங்க என்னென்னமோ கேக்கறாங்க, எனக்கு எங்க தெரியும்? நீயே சொல்லு."

பட்டறைக்காரி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. முன்னால் வந்து ஒரு தண்டை மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டு, "முதல்ல விதையைக் குளிர்ல வைக்கணும்," என்று ஆரம்பித்தாள்.